தண்ணீரில் இறங்கவிடாத போன்

மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் எழுதியது கொஞ்சம், எழுதியது படுத்துக்கொள்ளும்போதெல்லாம் ஓடிப்போய் எழுப்பிவிட்டதுதான் அதிகம். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரை நினைத்துக்கொண்டு படியுங்கள். சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் போன் என்று வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர் எவரோ, அவர்தான் நம்ம ஆள்.

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் எங்கள் அலுவலகம். தனியார் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கிறோம். "நாளைக்குக் காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்" என்று நோயாளிகளுக்கு முதல் நாளே செய்தி அனுப்பும் பகுதி என்னுடையது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் ஒருவனே உட்கார்ந்து எழுதியது. அது நின்றுபோனால் அலாரம் அடிக்கும். பதினைந்து நிமிடத்துக்குள் யாராவது லேப்டாப்பைத் திறந்து அதை எழுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை உண்டு. ஆனால் யார் முறையாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி அழைப்பு என்னிடம்தான் வரும். அதை எழுப்பும் வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே அலுத்துக்கொள்வேன், உள்ளுக்குள் ஒரே பெருமை. இனிமேல் நீங்கள் படிக்கப்போவது அந்தப் பெருமை பட்ட பாடு.

வராத நோயாளி

எழுதிய நிரலைச் சோதித்துப் பார்க்க, பொய்யாக ஒரு நோயாளியை உருவாக்குவது எங்கள் வழக்கம். விவரம் தெரிந்தவர்கள் 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு' என்று பெயர் வைப்பார்கள். நான் வைத்தது பசி நேரத்தில். புட்டுமாயம், சன் ஆஃப் பிராட்டா, அதாவது பரோட்டாவின் மகன் இடியாப்பம். வயது, என் வயதான நாற்பத்தாறு. செய்தி ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டுமே, அதனால் போன் எண்ணும் என்னுடையது. வரவேண்டிய காரணம் என்ற இடத்தில் 'ரத்த அழுத்தம் பார்க்க' என்று போட்டேன். வேலை முடிந்ததும் அவரை அழித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். அவரும் நிஜ நோயாளிகளோடு சேர்ந்து வரிசையில் நின்று, ஆங் மோ கியோவில் உள்ள ஒரு கிளினிக்கின் பட்டியலில் ஏறிவிட்டார்.

சில மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்தக் காலத்தில் தெரியாத எண் என்றால் மோசடிக்காரன்தானே? துண்டித்தேன். மூன்று தடவை துண்டித்தேன். நாலாவது தடவை, "மிஸ்டர் புட்டுமாயம் இருக்காருங்களா?" என்று ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சனிக்கிழமையே கிளினிக்குக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கூப்பிட்டது மேரி என்று ஒரு நர்ஸ், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழுக் கதையையும் சிரிக்காமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரி, வந்தது வந்துட்டீங்க, கைய நீட்டுங்க" என்றார். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு. என்னை எழுந்திருக்கவே விடவில்லை, அப்படியே டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஓடச் சொல்லலாம் என்று பார்த்தார், என் முட்டியைப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டார். "நீந்தக் கத்துக்கோங்க. மூணு மாசத்துல கொறையலேன்னா மாத்திரைய ஏத்த வேண்டியிருக்கும். உங்க வயசுல இப்படியே விட்டா என்ன ஆகும்னு சொல்லணுமா?" என்றார். சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா ஐம்பத்திரண்டில் போனவர். வெளியே வரும்போது மேரியிடம், அப்படி ஒரு பெயரைப் பார்த்தபோதே பொய் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"பேர வச்சு நாங்க யாரையும் தள்ளுறதில்ல சார். வரவேண்டிய ஆளு வரல, கூப்டா எடுக்கல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மூச்சும் போனும்

வீடு வடகோடியில், மார்சிலிங்கில். இருந்தாலும் வாரம் தவறாமல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆங் மோ கியோ நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். பெரியவர்களுக்கான வகுப்பு அங்கேதான் இடம் கிடைத்தது. ஐந்து பேர், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சொல்லித் தருகிற கவிதாவுக்கு இருபத்தாறு வயது. முதல் நாளே என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். அன்றைக்கு நான் குடித்த தண்ணீரைவிட அதை விழுங்கத்தான் கஷ்டப்பட்டேன்.

போனை எங்கே வைப்பது? மதிய உணவு கொண்டுபோகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போட்டு மூடி, ஒலியைக் கூட்டி, குளத்தின் ஓரத்திலேயே வைத்தேன். தண்ணீருக்குள் காது போய்விட்டால் அலாரம் கேட்காது. ஆகவே காதை உள்ளே விடாமல் நீந்தப் பார்த்தேன். அப்படி ஒரு நீச்சல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்று வாரத்தில் மற்ற நாலு பேரும் மிதக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் பாதி வகுப்பில் அலாரம் அடித்தே விட்டது. ஈரத் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, எழுப்ப வேண்டியதை எழுப்பிவிட்டு வந்தபோது வகுப்பு முடிந்து எல்லாரும் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். கவிதாவிடம், கிளினிக்குகள், நோயாளிகள், என்னை விட்டால் ஆள் இல்லை என்று கொஞ்சம் மிடுக்காகவே விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், எல்லாரும் மூச்சுக்குத் தலைய தூக்குறாங்க. நீங்க போனுக்குத் தூக்குறீங்க. அப்படித் தூக்குனா இடுப்பு கீழ போயிரும் லா."

ரசம் ஓடுகிறது

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி வாசுகியும் லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, பைகளை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு ஒரு வாழையிலைச் சாப்பாடு. எனக்கு வாரம் முழுக்க அதுதான் எதிர்பார்ப்பு. அன்றைக்குச் சாம்பார் முடிந்து, இரண்டாவது சோறு வாங்கி, அதில் குழி பறித்து ரசம் ஊற்றிய அந்த நொடியில் அலாரம் அடித்தது.

வலது கை முழுக்க ரசம். இடது கையால் லேப்டாப்பைத் திறந்து, இடது கையாலேயே கடவுச்சொல்லை அடித்தேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவையும் தப்பென்றால் பூட்டிக்கொள்ளும். இலையில் ரசம் கரையை உடைத்துக்கொண்டு என் பக்கம் கிளம்பியது. வாசுகி தன் கையால் என் சோற்றை ஒதுக்கி அணை கட்டினாள். இருபது வருடம் இந்தத் தொழில்காரனோடு குடும்பம் நடத்தியவள், அவளுக்குப் பழக்கம். பரிமாறுகிற தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், அப்பள வாளியோடு நின்று எங்களையே பார்த்தார். "சார், டாக்டருங்களா?" என்று கேட்டார். இல்லை, கம்ப்யூட்டர் வேலை என்றேன்.

"அப்ப யார் உயிருக்கும் ஒண்ணும் ஆயிடாதுல்ல சார்? சாப்பிடுங்க சார், ரசம் ஓடுது."

நாற்பது பக்கம்

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு புரளி கிளம்பியது. தலைமையகத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்றார்கள். அதே வாரம் எங்கள் மேலாளர் வெய் லிங், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வேலையைப் பிறர் படித்துச் செய்கிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தாறு வயது. மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போனால் என் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவனுக்கு இருபத்தெட்டு இருக்கும். என்னிடம் இருந்த ஒரே பிடி, அந்தப் பழைய நிரலை எழுப்பும் வித்தை. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

எழுதாமலும் இருக்க முடியாது. ஆகவே எழுதினேன், நாற்பது பக்கம். நிரலின் வரலாறு எழுதினேன். கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கட்டத்துக்குள் கட்டம் போட்டேன். கலைச்சொல் பட்டியல்கூடச் சேர்த்தேன். அது நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்பதை மட்டும் எழுதவில்லை. மறதியில் விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், வேண்டுமென்றேதான் விட்டேன். இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நாற்பது பக்கத்தைப் பார்த்தே எல்லாரும் பயந்துபோய், பிரமாதம் என்று பதில் போட்டுவிட்டார்கள். முழுக்கப் படித்தது ஒரே ஆள். நிரஞ்சனி, எங்கள் குழுவில் சேர்ந்து மூன்று வருடம். யாழ்ப்பாண வழிக் குடும்பம், இங்கே மூன்றாவது தலைமுறை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, ஃபுல்லா படிச்சேன், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அது படுத்துக்கிச்சுன்னா என்ன பண்ணணும்னு ஒரு எடத்துலயும் இல்லையே?"

ஆங்கில எழுத்தில் ஒரு பூட்டு

நான் பேச்சை மாற்றியதால் அவள் நேராக நிரலையே திறந்து பார்த்தாள். நிரலுக்கு நடுவில், பின்னால் வருகிறவர்களுக்காகக் குறிப்பு எழுதி வைப்பது உலக வழக்கம். பதினோரு வருடத்துக்கு முன்னால், எனக்குப் பிறகு யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பில், ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டு வைத்திருந்தேன். 'இதைத் தொட்டால் சங்குதான்.' 'இது ஏன் ஓடுகிறது என்று கேட்காதே.' 'மூன்றாவது ஃபைலை அழித்துவிட்டு இங்கே ஒரு தே ஓ குடி.' தே ஓ என்றால் இங்கே பால் விடாத தேநீர். குழுவில் இருந்த மற்றவர்கள் இதை மொழிபெயர்க்கும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்து, என்ன மொழி என்றே தெரியவில்லை என்று கைவிட்டிருந்தார்கள். யாரும் திறக்க முடியாத பூட்டு என்று நானும் நிம்மதியாக இருந்தேன். தமிழ் தெரிந்த ஒரு பெண் குழுவுக்கு வந்து மூன்று வருடமாகிறது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அன்று மதியம் அவள் மேசையிலிருந்து சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, 'எந்த மடையன் இதை மாத்தினான்'னு இங்க திட்டிருக்கீங்க. யாருன்னு ஹிஸ்டரில பார்த்தேன். அதுக்கு மொத நாள் மாத்துனது நீங்கதான்."

இருபத்தைந்து மீட்டர்

ஒன்பதாவது வாரம் கவிதா ஒரு நிபந்தனை போட்டாள். போன் அவள் பையில் இருக்கும். நான் இந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு கிளம்பி அந்தச் சுவரைத் தொடும் வரைக்கும் அவள் எதுவும் சொல்ல மாட்டாள். "ஒரு நிமிஷ விஷயம் அங்கிள், ஒரு நிமிஷம் உலகம் நின்னுராது" என்றாள். அந்த வாரம் நிரஞ்சனியின் முறை. அவளும் என்னைத்தானே கூப்பிடுவாள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் மூன்று மாதக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று கொடுத்துவிட்டேன்.

முதல் தடவை பாதியில் நின்றுவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, தலையைத் தண்ணீருக்குள் விட்டேன், காதும் கூடவே போனது. சத்தமே இல்லை. கீழே நீல ஓடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எனக்கு அது இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. கை சுவரில் முட்டியபோதுதான் வந்து சேர்ந்துவிட்டேன் என்றே தெரிந்தது. சந்தோஷத்தில் கத்தலாம் என்று தலையைத் தூக்கினால், மேலே கவிதா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். எட்டு அழைப்புகள். முதலாவது வந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. நான் பாதிப் பாதியில் நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நிபந்தனை நிபந்தனைதான் என்று அவள் சொல்லாமல் நின்றிருக்கிறாள்.

உடனே நிரஞ்சனியைக் கூப்பிட்டேன். "முடிஞ்சிருச்சுண்ணே. நீங்க எடுக்கல, சரின்னு உங்க கமென்ட்ட பார்த்தே பண்ணிட்டேன். மூணாவது ஃபைல அழிச்சேன். தே ஓ குடின்னு போட்டிருந்துச்சா, கீழ போயி வாங்கிக் குடிச்சிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணேன், எழுந்திரிச்சிருச்சு" என்றாள். நாலு நிமிடம் காத்திரு என்பதைத்தான் அன்றைக்கு நான் அப்படி எழுதி வைத்திருந்தேன். அவள் சொன்னபடி குடித்தே விட்டாள். நல்லது, நல்லது என்று வைத்துவிட்டேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சொட்டச் சொட்ட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோரு வருடம் என்னை விட்டால் ஆள் இல்லை என்று இருந்தேன். ஒரு கோப்பைத் தேநீரில் அது முடிந்துவிட்டது. பட்டியலில் என் பெயரை நானே எழுதிவிட்டதாகத் தோன்றியது. கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்க செவுத்த தொட்டதும் நாங்க எல்லாரும் கைதட்டுனோம். உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

பட்டியல்

திங்கட்கிழமை காலை வெய் லிங் என்னை அறைக்குள் கூப்பிட்டார். நான் போவதற்கு முன் மேசையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், அட்டைப்பெட்டி ஒன்று போதும் என்று கணக்குப் போட்டேன். உள்ளே போனதும் மென்று முழுங்கத் தெரியாமல், நேராகவே கேட்டுவிட்டேன், பட்டியலில் நான் இருக்கிறேனா என்று. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நம் குழுவில் யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை என்றார். என்னைக் கூப்பிட்டது, இனிமேல் அந்த அலாரத்தை நிரஞ்சனியிடம் முழுசாக ஒப்படைத்துவிடலாமா என்று கேட்கத்தானாம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா வந்திருக்கலாம். மூன்று வருடத்தில் வந்த ஒரு புது வேலைக்கும் என்னைக் கேட்டதில்லையே என்ற குறை வெகுநாளாக இருந்தது, அதையும் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், அவர் சொன்ன மாதிரியே தமிழில் தருகிறேன்.

"ஆட்குறைப்புப் பட்டியலில் உங்கள் பெயர் எப்போதும் இருந்ததில்லை, சேகர். புது வேலைக்கான பட்டியலிலும் இருந்ததில்லை. ஒரு மணி நேரம் போனை விட்டு நகர முடியாத ஆளை நான் எங்கே அனுப்புவது?"

காலுறைக்குள்

அலாரத்தை நிரஞ்சனியிடம் ஒப்படைத்தேன். அடுத்த ஆறு வாரம் எனக்குப் பொற்காலம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குளத்துக்குப் போனேன். நிற்காமல் ஐம்பது மீட்டர் வந்தது. கிளினிக்கில் கையை நீட்டினேன், நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. டாக்டர் மாத்திரையை ஏற்றவில்லை. வாழையிலையில் ரசம் இருக்கிற இடத்திலேயே இருந்தது. நான் இல்லாமலும் எல்லாம் நடக்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் எங்கள் ஆட்கள் பக்கத்துச் சமூக மன்றத்தில் பூப்பந்து ஆடுவார்கள். நிரஞ்சனி அதில் கெட்டிக்காரி, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆடுகிறவள். உடம்பு லேசாக இருக்கிறதே என்று ஒரு வியாழன் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அவள் வலது கால் காலுறைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. போன். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அது அதிர்ந்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வியர்வை ஒழுக மூலையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்ததாகவும், அந்த வாரம்தான் அவளே திரும்ப எடுத்துக்கொண்டதாகவும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. அவளிடம் போய், ஏம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பரவால்லண்ணே. நீங்க பதினோரு வருஷம் தனியா பார்த்தீங்க. நான் கொஞ்ச நாள் பார்க்க மாட்டேனா?"

பத்து நாள் வேலை

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த நிரல் ஏன் படுத்துக்கொள்கிறது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். சில கிளினிக்குகள் தேதியை ஒரு விதமாக எழுதி அனுப்பும், சில வேறு விதமாக அனுப்பும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அது திணறிப்போய் நின்றுவிடும். அவ்வளவுதான். அந்தப் பகுதியைப் புதிதாக எழுதினால் அலாரமே அடிக்காது. முதல் இரண்டு வருடம் நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன், அது உண்மை. அதற்கப்புறம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வேறு. அது நின்றால்தானே என்னைத் தேடுவார்கள்.

வெய் லிங்கிடம் பத்து நாள் கேட்டேன். நிரஞ்சனியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். ஒவ்வொரு இடத்திலும் இது என்ன செய்கிறது, நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று குழுவில் எல்லாருக்கும் புரிகிற ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன். என் நாற்பது பக்கம் மூன்று பக்கமாகச் சுருங்கியது. புதியதை இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்த்தோம், ஒரு அலாரம்கூட இல்லை. பழையதை எழுதியவரே அதை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்துப் பழக்கம். எல்லாரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள், யாரோ உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கி வந்திருந்தார்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் விரல் கொஞ்சம் தயங்கியது. அதை எழுதியபோது எனக்கு முப்பத்தைந்து வயது, தலை முழுக்க முடி. அழுத்தினேன். திரையில் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வந்து நின்றது. கூட்டம் கைதட்டிவிட்டுக் கறிபாப் பக்கம் போய்விட்டது. நிரஞ்சனி மட்டும் நின்றாள். போட்டிக்கு மறுபடியும் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டாள். நான் ஒரு கறிபாப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"பத்து நாள்தான்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்லண்ணே?"

அந்த வருடம் எங்கள் குழுவில் வேலை போனது ஒரே ஒருவருக்குத்தான், அது பதினோரு வருடம் என்னை வேலையில் வைத்திருப்பதாக நான் நம்பிய அந்த நிரல். அதைப் போகச் சொன்னவனும் நான்தான், வழியனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவனும் நான்தான்.